பட்டறிவும் பண்ணும்: பி. ரம்லியின் வாழ்வும் கலையும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயின்ற மாணவர், அங்கே இளங்கோவடிகள் கலைஞர்க்குரிய இலக்கணத்தை ஒருவர்பின் ஒருவராக வகுத்துக் காட்டுவதை நினைவுகூர்வர். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழ்ப்புலவன் என ஒவ்வொருவரும் எவற்றையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை அடிகள் நிரல்படக் கூறுகின்றார். கல்வியும் பயிற்சியும் நுண்மாண் நுழைபுலமும் அங்கே விரிவாகப் பேசப்படுகின்றன. ஆயின், அக்குழலோன் எந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தான், அந்த யாழ்ப்புலவன் எத்தகைய துயரங்களைக் கண்டான் என்பவை அங்கே இல்லை. அவற்றைக் கூறுவது அக்காதையின் நோக்கமும் அன்று. எனினும், ஒரே இலக்கணத்தைக் கற்ற இருவருள் ஒருவர் பண்ணை மற்றவர் பண்ணினின்றும் பிரித்துக் காட்டுவது யாது என்று வினவுவோமாயின், கற்ற கல்வியோடு வாழ்ந்த வாழ்வையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியவராகின்றோம்.

இவ்வினாவுக்கு விடைதேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் இம்மண்ணிலேயே பிறந்து, இம்மண்ணிலேயே மறைந்த ஒரு கலைஞரின் வாழ்வு நம் கண்முன் நிற்கின்றது. பாடகர், இசையமைப்பாளர், நடிகர், இயக்குநர் எனப் பல துறைகளிலும் தடம் பதித்த பி. ரம்லியே அவர். அவருடைய பாடல்களை அறியாத மலேசியரோ சிங்கப்பூரரோ அரியர். நம் பள்ளிகளில் தேசிய தின விழாக்களின்போது தமிழ்ச் சிறுவரும் அவற்றைப் பாடக் கேட்கிறோம். அப்பாடல்களின் பின்னே நிற்கும் வாழ்வை அறிந்து பாடுவோர் எத்துணையர் என்பதே இக்கட்டுரையின் கவலை.

துறைமுகத்து மைந்தன்

ரம்லி 1929ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தெக்கு ஜக்காரியா என்பது. தந்தை தெக்கு ஞாக் பூத்தே, வட சுமத்திராவின் அச்சே பகுதியிலிருந்து வந்து குடியேறிய கடலோடி. தாயார் சே மா, பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் வட்டாரத்தைச் சேர்ந்தவர். ஜக்காரியா பின்னர் ரம்லி என்ற பெயரால் அறியப்பட்டார். பெயருக்கு முன்னே நிற்கும் 'பி' என்னும் எழுத்து, தந்தை பெயராகிய பூத்தே என்பதன் முதலெழுத்தாகும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயரின் முன் வைத்துக்கொள்ளுதல் நம்மவர்க்குப் பழகிய வழக்கம் ஆதலின், அப்பெயரைக் கேட்குந்தோறும் நமக்கு ஓர் அணுக்கம் தோன்றுதல் இயல்பே.

'தெக்கு' என்பது அச்சேயில் உயர்குடியினரைக் குறிக்கும் பட்டம். பட்டம் உயர்ந்தது, வாழ்வோ எளியது. கப்பலில் உழைத்துப் பிழைத்த ஒருவரின் மகனாகக் கம்பத்து வீடொன்றில் வளர்ந்த சிறுவனுக்கு, பிறப்பால் வரும் உயர்வு எவ்வளவு, உழைப்பால் வரும் உயர்வு எவ்வளவு என்னும் எண்ணம் இளமையிலேயே முளைத்திருத்தல் கூடும். இதனை நாம் ஊகமாகவே கூறுகின்றோம். ஆயினும், கலையுலகில் நுழைந்தபோது அப்பட்டத்தை அவர் தம் பெயரோடு சுமந்து செல்லவில்லை என்பது உண்மை.

அக்காலப் பினாங்கு பலமொழி பேசும் துறைமுகம். சோழமண்டலக் கரையிலிருந்தும், சீனத்துத் தென்கரையிலிருந்தும், சாவா, சுமத்திராத் தீவுகளிலிருந்தும், அரபு நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து கூடிய இடம். மக்கள் வந்த கப்பல்களிலேயே பண்களும் வந்திறங்கின. பங்சாவான் என்னும் மலாய் நாடகவகை, இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பினாங்கிலேதான் உருப்பெற்றது. போரியா என்னும் தெருப்பாட்டு வகையின் வளர்ச்சியில் இந்திய முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு உண்டு. போர்த்துகீசிய இசையின் சாயல் படிந்த குரோஞ்சோங் சாவாவிலிருந்து வந்தது. இந்தித் திரைப்பாடல்களும் மேலைநாட்டு நடன இசையும் இசைத்தட்டுகளில் சுழன்றன. ஒரு தெருவில் நின்றால் ஒரு பண். அடுத்த தெருவுக்குத் திரும்பினால் வேறொரு பண்.

இத்தகைய சூழலில் வளர்ந்த சிறுவன் இசையைப் பிரித்துப் பிரித்துக் கற்கவில்லை, கலந்தே கேட்டான். உகுலேலே என்னும் சிறு நரம்புக் கருவியில் தொடங்கி, கித்தார், வயலின் எனக் கை பழகினான். கமாருடின் என்னும் ஆசிரியரிடம் முறையாகவும் பயின்றான். ஆசிரியர் கற்பித்தது இசையின் இலக்கணம். ஊர் கற்பித்ததோ, எந்தப் பண்ணும் அயற்பண் அன்று என்னும் பெரும் பாடம்.

போரும் பள்ளியும்

மலாய்ப் பள்ளியிலும், பிரான்சிஸ் லைட் ஆங்கிலப் பள்ளியிலும், பின்னர்ப் புகழ்பெற்ற பினாங்கு பிரீ பள்ளியிலும் ரம்லி பயின்றார். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கின்மீது சப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அவருக்கு வயது பன்னிரண்டு. பள்ளிக்கல்வி தடைப்பட்டது. ஆக்கிரமிப்புக் காலத்தில் சப்பானியர் நடத்திய கடற்படைப் பள்ளியில் அவர் பயின்றார். பசியும் அச்சமும் நாட்டை மூடியிருந்த அந்த ஆண்டுகளில், அப்பள்ளியில் அவருக்குக் கிடைத்தவை இரண்டு என்பர்: ஒன்று, கண்டிப்பான ஒழுங்குமுறை, மற்றொன்று, சப்பானியப் பாடல்கள்.

நம்மவருள் முதியோர் அக்காலத்தை எண்ணினால் சயாம் மரண இரயில்பாதையையே எண்ணுவர். அப்பாதையமைப்பில் மாண்ட பல்லாயிரவருள் நம் தோட்டத் தொழிலாளர் தொகை மிகப் பெரிது. அத்துயரோடு ஒரு சிறுவன் பாட்டுக் கற்ற செய்தியை ஒப்பிடுவது நம் நோக்கம் அன்று. கொடுங்காலத்தின் ஊடேயும் ஓர் இளம் உள்ளம் தனக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொள்கின்றது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. வாழ்க்கை தருவதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கலைஞனுக்கு இல்லை. தந்தவற்றுள் எதைப் பண்ணாக்குவது என்பதைத் தேரும் உரிமை மட்டும் அவனுக்கு உண்டு.

போர் முடிந்தது. 1947ஆம் ஆண்டு வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் ரம்லி முதற்பரிசு பெற்றார். 'அசீசா' என்னும் பாடல் அவர்தம் தொடக்ககாலப் படைப்புகளுள் ஒன்று. பதின்பருவத்துக் காதலின் மென்மை அதில் உண்டு. பின்னர் 1955இல் அவர் முதன்முதலாக இயக்கிய 'பெனாரேக் பெச்சா' என்னும் படத்தின் நாயகிக்கும் அசீசா என்ற பெயரே அமைந்தது. இளமையில் நெஞ்சில் பதிந்த ஒரு பெயர், படைப்பாளனை எவ்வளவு தொலைவு தொடர்ந்து வருகின்றது என்பதற்கு இஃதொரு சான்று.

ஜாலான் அம்பாஸ்

1948ஆம் ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் நடந்த விழாவொன்றில் ரம்லி பாடிக்கொண்டிருந்தார். கேட்டிருந்தோருள் ஒருவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். இந்தியாவிலிருந்து வந்து, 1930களிலேயே சிங்கப்பூரில் 'லைலா மஜ்னூன்' என்னும் மலாய்ப் படத்தை இயக்கியவர் அவர். அவ்விளைஞரின் குரலில் இருந்த ஆற்றலை உணர்ந்து சிங்கப்பூருக்கு அழைத்தார். ஷா சகோதரர்களின் மலாய்த் திரைப்பட நிறுவனம் ஜாலான் அம்பாசில் இயங்கிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வயது இளைஞர் அங்கே சென்று சேர்ந்தார். அவ்வாண்டே வெளிவந்த 'சிந்தா' படத்தில் துணை வேடம் ஏற்றதோடு, நாயகனுக்காகத் திரைக்குப் பின்னே நின்று பாடவும் செய்தார். முகம் ஒருவருடையது, குரல் மற்றவருடையது. தன் குரலைப் பிறர் முகத்தில் காணும் அந்த அனுபவம் ஒரு கலைஞனுக்குப் பெரிய பள்ளி எனலாம்.

1950இல் 'பக்தி' படத்தில் ரம்லி நாயகனானார். தம் பாடலைத் தாமே பாடினார். அப்படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர் அவர். 'பக்தி' என்னும் அச்சொல்லையே நோக்குங்கள். நமக்கு அது இறைவன்பால் கொள்ளும் அன்பு. மலாய் மொழியில் அது தொண்டு. ஒரே சொல் கடல் கடந்து வேறொரு பொருளை ஏற்றுக்கொண்டு, அந்த மண்ணுக்கே உரியதாகிவிட்டது. ரம்லியின் இசையும் அவ்வாறு அமைந்ததே.

ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், பி. என். ராவ், எஸ். இராமநாதன், பணி மஜும்தார் எனப் பல இந்திய இயக்குநர்கள் அக்காலத்து மலாய்த் திரையுலகில் பணியாற்றினர். இந்தியத் திரைப்படங்களைப் போலவே கதையின் இடையிடையே பாடல்கள் அமைவது அவர்கள் வகுத்த நெறி. அந்நெறியே ரம்லியின் இசைக்குக் களம் அமைத்துத் தந்தது. இதனை நாம் பெருமை பேசுவதற்காகக் கூறவில்லை. ஒரு கலைஞன் உருவாவதற்கு எத்தனை கைகள் துணைநிற்கின்றன என்பதை உணர்த்தவே கூறுகின்றோம். பின்னாளில் அவரோடு சேர்ந்து பாடிய குழுவின் பெயர் 'பஞ்ச சித்தாரா'. 'பஞ்ச' என்பது வடசொல். 'சித்தாரா' என்பது இந்துஸ்தானியில் விண்மீனைக் குறிக்கும் சொல். பாடியதோ மலாய்ப் பாட்டு.

அவர் அமைத்த பாடல்களில் இனாங், ஜோகெட், அஸ்லி முதலிய மலாய் மரபு நடைகள் உண்டு. ரும்பா, மாம்போ, வால்ட்சு முதலிய மேலைநாட்டுத் தாளங்களும் உண்டு. இந்திய இசையின் குழைவும் உண்டு. 'இவை இரவல் அல்லவா?' என்று கேட்பார் கேட்கலாம். பொன் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்ததாயினும் அணியின் அழகு பொற்கொல்லன் கைவண்ணத்தையே சாரும். 1956ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் 'ஹாங் துவா' படத்தின் இசைக்குப் பரிசு கிடைத்தது. நடுவர் அதனை இரவலாகக் கருதவில்லை.

நான்கு இசைக்கருவிகள்

ரம்லியின் படங்களை நிரல்பட நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அவர் மீண்டும் மீண்டும் இசைக்கலைஞனாகவே வேடம் ஏற்றார். 1953இல் வெளிவந்த 'இபு' படத்தில் டிரம்பெட் வாசிக்கும் இளைஞன். 1956இல் வந்த 'அனாக்கு சசாலி'யில் வயலின் இசைத்துப் பாடல் அமைக்கும் தந்தை. 1960இல் வந்த 'அந்தாரா டுவா டர்ஜாட்' படத்தில் பியானோ வாசிப்பவன். 1962இல் வந்த 'இபு மெர்துவாக்கு'வில் சாக்சபோன் கலைஞன். கருவிகள் நான்கு, அவை எழுப்பிய வினா ஒன்றே. 'இசைக்கலைஞனுக்கு இவ்வுலகம் தரும் இடம் யாது?' என்பதே அவ்வினா.

'அனாக்கு சசாலி'யில் அவருக்கு இரட்டை வேடம். இசையால் உயர்ந்த தந்தை, அளவிறந்த அன்பினால் மகனைக் கெடுத்துவிடுகின்றான். தந்தையும் மகனுமாகத் தாமே நின்று நடித்த அந்நடிப்புக்காக 1957ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதினை ரம்லி பெற்றார்.

'அந்தாரா டுவா டர்ஜாட்' என்றால் இரு தகுதிகளுக்கிடையே என்பது பொருள். எளிய இசைக்கலைஞன் ஒருவனும் உயர்குடிப் பெண் ஒருத்தியும் கொண்ட காதலுக்குக் குலப்பெருமை தடையாகின்றது. 'தெக்கு' என்னும் பட்டத்தைத் தந்தை வழியே பெற்றும் அதனை விட்டு வந்தவர், குலப்பெருமையின் கொடுமையைப் படமாக்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். இப்படத்தில் இடம்பெற்ற, அவர் இசையமைத்த 'கெத்தாரான் ஜீவா' என்னும் பாடலின் தலைப்புக்கு உயிரின் அதிர்வு என்பது பொருள். ஜீவா என்னும் சொல் நமக்கும் உரியதே. பாட்டு எங்கிருந்து பிறக்கின்றது என்பதற்கு அவர் வாழ்நாளெல்லாம் தந்த விடை அத்தலைப்பிலேயே அடங்கியிருப்பதாகத் தோன்றுகின்றது.

'இபு மெர்துவாக்கு' இன்னும் கடுமையானது. காசிம் செலாமாட் என்னும் சாக்சபோன் கலைஞனின் குரலை வானொலியில் கேட்டுச் செல்வர் வீட்டுப் பெண் சபரியா காதல் கொள்கின்றாள். பெண்ணின் தாய்க்கோ இசைக்கலைஞன் என்றாலே இழிவு. மணந்துகொண்ட இருவரும் பினாங்குக்குச் செல்கின்றனர். இசையை விட்டு, கூலிவேலைக்குச் செல்லும் காசிம் வறுமையில் வாடுகின்றான். மகளைத் தன்னிடம் அழைத்துக்கொண்ட மாமியார், அவள் இறந்துவிட்டாள் என்று பொய்யாக அறிவிக்கின்றாள். அழுதழுது காசிம் கண்பார்வையை இழக்கின்றான். பார்வை போன பின்னரே அவன் மீண்டும் இசைக்குத் திரும்பி, வேறொரு பெயரில் புகழ் பெறுகின்றான். பின்னர்க் கண் கிடைத்து உண்மையைக் கண்டபோது, காணத் தகாததைக் கண்ட அக்கண்களைத் தானே அழித்துக்கொள்கின்றான்.

இக்கதையை ரம்லியின் சொந்த வரலாறு என்று கொள்ளுதல் தவறு. ஆயினும், 'பாடுபவனுக்குப் பெண் தருவதா?' என்னும் ஏளனத்தை அக்காலத்துக் கலைஞர் அனைவரும் கேட்டிருந்தனர். நம் நாடகமேடைக் கலைஞரும் நாகசுரக் கலைஞரும் இவ்வேளனத்தை அறியாதவரா? வாழ்வில் கேட்ட சொல் ஒன்று கலையில் விடை பெறுகின்றது. அவ்விடை வாதமாக அமையாமல் பாட்டாக அமையும்போதுதான் அது காலத்தைக் கடக்கின்றது. 1963இல் தோக்கியோவில் நடந்த விழாவில் இப்படத்திற்காகப் பல்கலை வல்லுநர் என்னும் தனிச்சிறப்பு அவருக்கு அளிக்கப்பட்டது.

துயரத்தை மட்டுமே அவர் பாடினார் என்று எண்ண வேண்டா. 'புஜாங் லாப்போக்' வரிசைப் படங்களில் வாடகை அறைகளில் உழலும் மூன்று ஏழை இளைஞர் வழியே நாட்டையே சிரிக்க வைத்தார். 1961இல் வந்த 'செனிமான் புஜாங் லாப்போக்' படத்தில் வேலை தேடித் திரைப்பட நிலையத்தின் வாயிலில் வந்து நிற்பவர்கள் அதே இளைஞர்களே. தாம் பத்தொன்பது வயதில் நுழைந்த வாயிலை, முப்பது கடந்த பின்னர்த் திரும்பிப் பார்த்து நகைக்கும் பக்குவம் அதில் தெரிகின்றது.

கோலாலம்பூரில் கண்ணீர்

1964ஆம் ஆண்டு ரம்லி சிங்கப்பூரைவிட்டுக் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார்; உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா படநிலையத்தில் பணியேற்றார். காலம் அவருக்கு இசைவாக இல்லை. இந்தோனேசியாவுடன் 1963 முதல் 1966 வரை நீடித்த மோதலால் அந்நாட்டுச் சந்தை அடைபட்டது. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தது. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1967இல் ஜாலான் அம்பாஸ் படநிலையமும் மூடப்பட்டது. பல்லாண்டுகள் உடன் நடித்தோரும் உடன் இசைத்தோரும் அருகில் இல்லை. மெர்டேக்காவிலோ வசதிகள் குறைவு. இந்திப் படங்கள் வண்ணத்தில் வந்துகொண்டிருக்க, அவர் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்துக்கொண்டிருந்தார். மின்கித்தார் குழுக்களின் 'பாப் யே யே' இசையில் மயங்கிய இளைஞர்க்கு அவருடைய பண்கள் பழையனவாகத் தோன்றின.

எல்லாப் பண்களையும் வரவேற்றுத் தன் பண்ணாக்கியவரைப் புதிய பண்ணின் பெயரால் ஒதுக்கியது உலகியலின் கொடுமை. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய இறுதிப் படமாயிற்று. பெயரில் இசைச்சுரங்கள் உள்ளன. வாழ்வில் இசைவு இல்லை. இறுதியாக அவர் அமைத்த பாடலாகக் கூறப்படுவதன் பெயர் 'ஆயிர் மாத்தா டி கோலாலம்பூர்', அதாவது கோலாலம்பூரில் கண்ணீர். அதனை அவர் பாடிப் பதிவு செய்யவில்லை; அவர் மனைவியும் புகழ்பெற்ற பாடகியுமாகிய சலோமா பின்னர்ப் பாடினார். 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பால் ரம்லி மறைந்தார். வயது 44. அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைத் தந்த அவர் விட்டுச்சென்ற பொருட்செல்வம் மிகச் சிறிது.

மறைந்த பின்னரே மதிப்புகள் வரிசையாக வந்தன. 1982இல் கோலாலம்பூரின் பாரி சாலை ஜாலான் பி. ரம்லி ஆயிற்று. அவர் வாழ்ந்த செத்தாப்பாக் இல்லம் 1986இல் நினைவு நூலகமாயிற்று. 1990இல் 'டான் ஸ்ரீ' விருது வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

நாம் கற்கும் பாடம்

பட்டறிவு கலைஞனை உருவாக்குகின்றது என்பது பலரும் கூறும் உண்மை. பினாங்குத் துறைமுகமும், போர்க்காலப் பள்ளியும், ஜாலான் அம்பாசும் ரம்லியை உருவாக்கின. ஆனால் அவ்வுண்மைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அனுபவம் என்பது தானே விளைவதன்று, சுற்றியிருப்போர் தருவது. ஊர் அவருக்குப் பண்களைத் தந்தது. ஓர் ஆசிரியர் கருவியைக் கையில் தந்தார். ஓர் இயக்குநர் வாயிலைத் திறந்துவிட்டார். அவற்றால் விளைந்தவை அவருடைய இன்பப் பாடல்கள். இறுதி ஆண்டுகளில் சமுதாயம் அவருக்குப் புறக்கணிப்பைத் தந்தது. அதனால் விளைந்தது கண்ணீர்ப் பாடல். ஆகவே ஒரு கலைஞனின் படைப்பில் ஒரு பகுதியை அவன் காலத்துச் சமுதாயமே எழுதுகின்றது எனலாம். பெயர் அவனுடையது, பொறுப்பு நம்முடையது.

இக்கருத்தை ஆசிரியர்கள் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். ரம்லியின் பாட்டை மேடையில் பாடப் பயிற்றும்போது, அதன் பின்னே உள்ள வாழ்வையும் ஐந்து மணித்துளி சொல்லுங்கள். அதனினும் மேலாக, நம்மிடையே வாழும் உறுமி வாசிப்பவரையும், கோயில் நாகசுரக் கலைஞரையும், மூலையில் அமர்ந்து கவிதை எழுதுபவரையும் மாணவர் அறிந்துகொள்ளச் செய்யுங்கள். சாலைக்குப் பெயர் சூட்டப் பின்னர்க் காலம் உண்டு. கைதட்ட வேண்டிய காலம் இதுவே.